ஆளில்லாத் தீவு எண்டு சொல்லாதீங்க

தம்பிமாரே, தங்கச்சிமாரே, வழிகாட்டி அட்டை கைக்கு வந்திட்டுது எண்டு எல்லாரும் கழுத்துல தொங்கவிட்டுக்கொண்டு திரியிறீங்க. பார்க்கச் சந்தோசமாத்தான் இருக்கு. எனக்கு அட்டை கிடைச்ச அண்டைக்கு நான் அதைக் கழட்டாமலே படுத்திட்டன். என்ட மனுசி சிரிச்ச சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிச்சு. இப்ப முழங்கால் ரெண்டும் வள்ளத்துல ஏற மாட்டன் எண்டு அடம் பிடிக்குது, அதால வீட்டோட இருக்கிறன். வாய் மட்டும் இன்னும் ஓய்வு எடுக்கல்ல. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டன், பிளேன்டி குடிச்சுக்கொண்டு கேளுங்க.

டொல்பின் எந்தப் பக்கம் வரும், வயித்தைப் பிரட்டுறவங்களை எங்க இருத்துறது, இதெல்லாம் ஒரு சீசனுல தானா வந்திடும். நான் கதைக்கப் போறது தீவுகளைப் பத்தி. கற்பிட்டியில இருந்து வடக்கால போனா ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வருதே, அதுகள். எத்தனையோ தரம் போயிட்டன். இருந்தும், உச்சமுனையைத் தாண்டின உடன தண்ணிட நிறம் மாறி, அங்கால ஒரு வெள்ளைக் கோடு எழும்புமே, அதைக் கண்டா என்ட நெஞ்சு இப்பவும் குதிக்கும். சத்தியமாச் சொல்றன், குதிக்கும்.

அந்தத் தீவுகள்ட சரித்திரத்தைச் சொல்லித்தான் நான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டன். லேசான வேலை எண்டு நினைக்காதீங்க. கற்பிட்டியில கோட்டை இருக்கு. ஒல்லாந்தன் கட்டினது எண்டு கையை நீட்டினா ஆக்கள் படம் எடுத்துக்கொள்ளுவாங்க, உங்கட வேலை முடிஞ்சுது. தீவுல எதுக்குக் கையை நீட்டுவீங்க? சுவர் இல்ல, தூண் இல்ல, கல்வெட்டு இல்ல. மணலும் புதர்ப் பத்தையும். அந்தக் கரையால அரபுக்காரன்ட கப்பல் போயிருக்கு, போர்த்துக்கீசன் போயிருக்கான், முத்துக் குளிக்கப் போனவன் போயிருக்கான். ஒருத்தனாவது ஒரு செங்கல்லை விட்டிட்டுப் போகல்ல.

பரம்பரை பரம்பரையா அங்க போய் வாற சனம் ஒண்டு இருக்கு. சீசனுக்கு வாடி எண்டு ஓலைக் குடிசை போட்டு மீன் பிடிச்சுக் கருவாடு போடுற சனம். கச்சான் எண்டுற தென்மேல் காத்து தொடங்க முந்தி கிடுகு, கம்பு, வலை, சட்டி பானை, கோழி, வேதக் கோயில்ல வச்சுக் கும்பிடுற சுரூபம், எல்லாத்தையும் வள்ளத்துல ஏத்திக்கொண்டு இக்கரைக்கு வந்திடுவாங்க. சீசன் பிறக்க அதே சாமான் அதே வள்ளத்துல திரும்பிப் போகும். அந்தத் தீவுகள்ட சரித்திரம் முழுக்க வள்ளத்துல ஏறி இறங்குற சரித்திரம். இடிஞ்ச சுவர் இல்லாத இடத்துல சரித்திரமும் இல்ல எண்டு நினைக்கிறவங்களுக்கு இது மண்டையில ஏறாது. எனக்கு விளங்கின அண்டைக்கு நான் வள்ளத்துலயே எழும்பி நிண்டு கத்தினன். வள்ளம் ஓட்டின அன்டன் எனக்குப் பைத்தியம் பிடிச்சிட்டுது எண்டு மெசினை நிப்பாட்டிட்டான்.

சரி, விசயத்துக்கு வாறன். எங்கட தொழில்ல எல்லாற்ற வாயிலயும் ஒரு சொல்லு இருக்கு: ஆளில்லாத் தீவு. அதைக் கேட்டா வெளிநாட்டுக்காரருக்கு வாயூறும். கச்சான் மாசத்துல வந்தவங்களுக்கு வெறும் மணலைக் காட்டி, இங்க உங்களைத் தவிர ஒரு மனுசரும் இல்ல எண்டு சொன்னா, சந்தோசம் எண்டா அப்படி ஒரு சந்தோசம். நீங்களும் சொல்றீங்க. முழிக்காதீங்க, மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. அந்தச் சொல்லு எங்க போய் நிக்கும் எண்டு நான் பார்த்திருக்கிறன்.

அது ஒரு ஓகஸ்ட் மாசம், தலவில வேதக் கோயில்ல அன்னம்மா திருவிழாக் காலம், தீவுச் சனமும் அங்க போற நேரம். நான் அப்ப கற்பிட்டியில ஒரு ஹோட்டலுக்குத்தான் வழிகாட்டி. கொழும்புக் கம்பனி ஒண்டுல இருந்து ஒரு மிஸ் வாறாங்க, தீவு ஒண்டைக் காட்டிட்டு வா எண்டார் முதலாளி. கம்பனி அதை நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து கபானா எண்டு சுற்றுலாக் குடில்கள் கட்டப் போகுதாம். அங்க குடியிருக்கிற ஆக்கள் இருந்தா சிக்கலாம், இல்லாட்டி வேலை தொடங்கலாமாம். அதைப் பார்த்துச் சொல்லத்தான் மிஸ் வாறாங்க. முதலாளி என்ட தோள்ல கையைப் போட்டுக்கொண்டு சொன்னார்: உன்ட சரித்திரப் பிரசங்கம் எல்லாம் வேணாம், ஆக்கள் இருக்கா எண்டு கேட்டா இல்ல எண்டு சொல்லு, நீ வழமையாச் சொல்றதுதானே.

அந்தத் தீவுட பேரை நான் சொல்ல மாட்டன். சொன்னா நாளைக்கே அங்க கும்பலைக் கூட்டிக்கொண்டு நிப்பீங்க. அது மெடலின் அக்காட ஆக்கள்ட தீவு. மெடலின் அக்கா எண்டா வாடிக்காரி, குரல் கொடுத்தா கடல்ல நிக்கிற வள்ளம் திரும்பும். அவட தாயும் தாய்ட தாயும் அந்த மணல்லதான் கருவாடு காயப்போட்டது. அந்தத் தீவு போச்சு எண்டா அவங்களுக்கு வேற கரை இல்ல. இக்கரையில ஒவ்வொரு கரைக்கும் ஆள் இருக்கு, புதுசா ஒருத்தரையும் இறங்க விட மாட்டாங்க.

விசயம் எப்படியோ அவட காதுக்குப் போயிட்டுது. நாங்க போறதுக்கு முதல் நாள் கற்பிட்டி பஸ் நிலையத்துல, பிள்ளைகளோட தலவிலைக்குப் போக நிண்டவ, என்னைக் கண்டு கிட்ட வந்தா. சண்டை பிடிக்கப் போறா எண்டு நினைச்சன். அவ நானா எண்டு, அண்ணனைக் கூப்பிடுற மாதிரிக் கூப்பிட்டு, மெதுவாத்தான் கதைச்சா.

"எங்கட இடத்தைக் காட்டப் போறீங்களாம் நானா. காட்டுங்க, அது உங்கட தொழில். ஆளில்ல எண்டு மட்டும் உங்கட வாயால சொல்லிப்போடாதீங்க."

அவ்வளவுதான். பஸ் வந்திட்டுது, ஏறிட்டா. 

அடுத்த நாள் காலம்பற வெளிக்கிட்டம். மிஸ், அவங்களோட வந்த கமராக்காரர், நான், அன்டன். மிஸ் கொழும்புத் தமிழ் ஆள். மோசமான மனுசி இல்ல, அதைச் சொல்லத்தான் வேணும். வழி முழுக்க கேள்வி கேட்டுக்கொண்டு வந்தாங்க, சொன்னதைக் காது குடுத்துக் கேட்டாங்க. கமராக்காரர் ஓயாமச் சிரிக்கிற மனுசன். அவர் கையில பறக்கிற கமரா ஒண்டு இருந்திச்சு, அதைப் பிள்ளையைத் தூக்குற மாதிரி மடியில வச்சிருந்தார்.

இறங்கின உடன கமராவைப் பறக்க விட்டார். கையில இருந்த சின்னத் திரையில தீவு முழுக்கத் தெரிஞ்சுது. யா அல்லாஹ், அந்த வடிவு! நான் கால் தேய நடந்த தீவை அப்பதான் மேல இருந்து பார்க்கிறன். சின்னப் பிள்ளை மாதிரி குதிச்சன். அடுத்த நிமிசம் எனக்கு விளங்கிச்சு, அந்தத் திரையில ஒரு மனுசரும் இல்ல, ஒரு வாடியும் இல்ல. மிஸ் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டாங்க. சரித்திரமே படாத இடம் மாதிரி இருக்கு எண்டு சொல்லிட்டு என்ட பக்கம் திரும்பிக் கேட்டாங்க, இங்க ஆக்கள் இருக்காங்களா எண்டு.

எனக்கு நெஞ்சு எரிஞ்சிச்சு. ஏன் எண்டு உங்களுக்குச் சொல்றன், மிஸ்ஸுக்கு நான் சொல்லல்ல. நாங்க மன்னார்ப் பக்கத்து ஆக்கள். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் ஆக்களை ஊரை விட்டுத் துரத்தின நேரம் உடுத்த உடுப்போட வந்து இந்தக் கரையில ஏறினவங்க. கனகாலம் போன பிறகு வாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஊரைப் பார்க்கப் போனன். ஊர் இருந்த இடம் காடு. அங்க நிண்ட ஒரு உத்தியோகத்தர், இங்க ஊர் இருந்ததுக்கு என்ன அடையாளம் எண்டு வாப்பாட்டக் கேட்டார். கேள்வி பிழை இல்ல, அந்த மனுசனும் மரியாதையாத்தான் கேட்டார். வாப்பா வாயைத் திறந்தார், கதை வரல்ல. வரும்போது பஸ்ஸுல முழு வழியும் யன்னலைப் பார்த்துக்கொண்டு அழுதார்.

இப்ப அதே கேள்வி என்னட்ட வந்து நிக்குது. ஓம் எண்டா, எங்க எண்டு கேட்பாங்க. திரையில ஒருத்தரும் இல்ல. முதலாளி சொல்லிக் குடுத்த பதிலைச் சொன்னா மெடலின் அக்காட கதை முடிஞ்சுது. அந்த நேரம் நான் செய்ததை நல்லாக் கேளுங்க, இதுதான் தொழில். அவசரப்பட்டு ஒரு பதிலும் குடுக்கல்ல. மிஸ், ஒரு சுத்து நடந்து பாருங்க, பிறகு கதைப்பம் எண்டன். உங்கட வாயில இருந்து போற ஒரு சொல்லு கொழும்புல போய் முடிவாகும் எண்டு தெரிஞ்சா, சொல்லை விட்டிட்டு ஆளை நடக்க விடுங்க. மணல் பாதத்துல பட்டா மனுசருக்கு யோசனை வரும்.

நடந்தாங்க. நான் பின்னால போகல்ல. அவங்க திரும்பி வர முந்தி காத்து வந்திட்டுது.

கச்சான் வழமையா மத்தியானத்துக்குப் பிறகுதான் பலக்கும். அண்டைக்கு அதுக்கு என்ன கோபமோ, நேரத்தோட எழும்பிட்டுது. தீவுக்கும் உச்சமுனைக்கும் நடுவுல கடல் வெள்ளையாக் கிழிஞ்சு கிடக்குது. பறக்கிற கமரா பறந்த பறப்புல கடலுக்குப் போயிட்டுது. கமராக்காரர் அப்பவும் சிரிச்சுக்கொண்டுதான் நிண்டார், ஆனா கண் கலங்கிட்டுது. மிஸ் ஓடி வந்தாங்க. பின்னேரம் கொழும்புல கூட்டமாம், இப்பவே போகணுமாம். நான் அன்டனைப் பார்த்தன். அவன் மெசின்ட எண்ணெய்க் குழாயைக் கழட்டித் தன்ட சாரத்துல முடிஞ்சுகொண்டான். எனக்குப் பதில் கிடைச்சிட்டுது.

ஏலாது எண்டன். மிஸ்ஸுக்குக் கோபம் வந்திட்டுது. ஆளில்லாத தீவுல என்னை வேணும்னே மறிச்சு வச்சிருக்கீங்களா எண்டு கேட்டாங்க. தெற்கு முனையில கொஞ்சம் சிக்னல் வரும், அங்க போய் முதலாளிக்கு டெலிபோன் எடுத்து என்ட கையில தந்தாங்க. அந்த மனுசன் என்னைப் பேசின பேச்சு, விடுங்க. உடனே கொண்டு வா, இல்லாட்டி நாளையில இருந்து இந்தப் பக்கம் வராதே எண்டார்.  வீட்டுல மூத்த மகள்ட கலியாணம் பேசிக்கிடக்குது.

"சேர், வள்ளம் உங்கட. உசிர் இவங்கட. நான் எடுக்க மாட்டன்."

டெலிபோனைத் திருப்பிக் குடுத்திட்டன். தம்பிமாரே, காத்துக்கு முன்னால நிண்டுகொண்டு விளக்கம் குடுக்கப் போகாதீங்க. விளக்கம் குடுத்தா மற்றவன் அதுல ஓட்டை தேடுவான். ஏலாது எண்டா ஏலாது. திட்டு வாங்கிக்கொண்டு உசிரோட இருங்க.

கொண்டு போன தண்ணி ரெண்டு போத்தல்தான். பகலோட திரும்புற எண்ணத்துலதானே வந்தது. வெயில் ஏற அதுவும் முடிஞ்சுது. மிஸ் என்னோட கதைக்கிறதை விட்டிட்டு தனிய ஒரு பக்கம் போய் இருந்தாங்க. அவங்கட உதடு காஞ்சு வெள்ளையாயிட்டுது. கமராக்காரரும் சிரிப்பை விட்டிட்டார்.

அப்ப நான் அன்டனைக் கேட்டன், திறப்பமா எண்டு. திறக்கத்தானே வச்சிருக்கு எண்டான்.

எல்லாத்தையும் வள்ளத்துல ஏத்திடுவாங்க எண்டு சொன்னனே, ஒண்டை மட்டும் விட்டிட்டு வருவாங்க. பெரிய தாழம்பத்தைக்குப் பின்னால, பலகையில அடிச்ச சின்னக் கோயில். கூரையில பழைய வலையைப் போட்டு இறுக்கியிருக்கும், மேல இருந்து பார்த்தா அதுவும் பத்தைதான். கதவுக்குப் பூட்டு இல்ல. வெளியால கயித்து முடிச்சு ஒண்டு, கை விறைச்சவனும் ஒரே இழுவையில அவிழ்க்கிற முடிச்சு. அன்டன் சிலுவை போட்டான், நான் பிஸ்மில்லாஹ் சொன்னன், இழுத்தம்.

உள்ளுக்கு சுரூபம் இல்ல, அது தலவிலையில சனத்தோட நிக்குது. கூரையில இருந்து மீன் பெட்டி ஒண்டு தொங்குது, எலி ஏறாம. அதுக்குள்ள அரிசி, கருவாடு, தேங்காய், தேயிலை, சீனி, உப்பு, பொலித்தீன் சுத்தின லைட்டர். கீழ ரெண்டு சட்டி, வாய் கீழ பார்க்கக் கவிழ்த்து வச்சிருக்கு. மூலையில காஞ்ச விறகு. கோயிலுக்குப் பின்னால உடைஞ்ச வள்ளத்துட பாதி கவிழ்ந்து கிடந்திச்சு. நாலு பேரும் பிடிச்சுப் புரட்டி, மணலைக் கையால விலக்கினம். கீழ புதைச்ச பீப்பாய், பீப்பாய் நிறையத் தண்ணி.

மிஸ் தேங்காய்ச் சிரட்டையில அள்ளிக் குடிச்சாங்க. நல்ல தண்ணி! நாலு பக்கமும் உப்புக்கடல், நடுவுல இந்தத் தண்ணி. அவங்க குடிச்சு முடிச்சு, திரும்ப அள்ளி, முகத்துல ஊத்திக்கொண்டு அப்படியே மணல்ல இருந்திட்டாங்க. பிறகு இதெல்லாம் யாருக்கு வச்சிருக்காங்கன்னு கேட்டாங்க.

"கடலால வந்து மாட்டிக்கொண்டவங்களுக்கு மிஸ். இண்டைக்கு அது நீங்க."

அவங்க திகைச்சுப் போனாங்க. எடுத்தது யார்ன்னு வச்சவங்களுக்கு எப்படித் தெரியும் எண்டு கேட்டாங்க. தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்ல எண்டன். சாப்பிட்டவங்க சட்டியைக் கழுவிக் கவிழ்த்து, எரிச்ச விறகுக்குப் பதிலா வேற விறகு பொறுக்கி வச்சு, முடிச்சைப் போட்டிட்டுப் போகணும். சீசனுக்கு வாற மெடலின் அக்கா முதல் வேலையா விறகைத்தான் பார்ப்பா. புது விறகு கிடந்தா, ஆரோ வந்து பிழைச்சுப் போயிருக்காங்க எண்டு அந்த இடத்துலயே செபம் சொல்லுவா. முஸ்லிம் ஆக்களும் எடுத்திருக்கிறம், சிலாபத்துச் சிங்கள வள்ளக்காரரும் எடுத்திருக்கிறாங்க. எப்ப தொடங்கினது எண்டு எனக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி கதை விடவும் மாட்டன். அவட தாய்ட காலத்துலயும் இருந்திச்சு, அதுக்கு முந்தியும் இருந்திச்சாம்.

அன்டன் சோறாக்கினான், கருவாட்டைச் சுட்டு தேங்காயோட பிசைஞ்சான். கொழும்பு ஹோட்டல்கள்ல சாப்பிட்ட அந்த மிஸ் சட்டியைச் சுரண்டின சத்தம் இன்னும் என்ட காதுல இருக்கு. சாப்பிட்டு முடிய அவங்களாவே கேட்டாங்க, அந்த ஆக்களைப் பத்திச் சொல்லுங்கன்னு. அல்ஹம்துலில்லாஹ்! இவ்வளவு நேரமும் அடைச்சு வச்சிருந்த வாயைத் திறந்தன் பாருங்க. எந்த வாடி எந்த இடத்துல வரும், வலை இழுக்கிற நேரம் பொம்பளையள் எங்க நிப்பாங்க, சண்டைக் காலத்துல கடல் தடை போட்டிருந்த நேரம் என்ன தின்னாங்க, ஒரு பக்கம் மணலைக் கடல் அரிக்க அரிக்க கோயிலைத் தூக்கித் தூக்கி எத்தனை இடம் மாத்தினாங்க, எல்லாம் சொன்னன். வெறும் மணல்ல ஓடி ஓடிக் காட்டினன். அந்தப் பின்னேரம் மாதிரி நான் என்ட தொழிலை ஒரு நாளும் செய்ததில்ல, அவ்வளவு சந்தோசம் எனக்கு. முதலாளி, வேலை, கலியாணம் ஒண்டும் ஞாபகத்துல இல்ல.

விடிய காத்து அடங்கிட்டுது. நான் எழும்பிப் பார்க்க மிஸ்ஸைக் காணல்ல. பயந்து போய்த் தேடினா, அங்கால கரையில ஒதுங்கின கட்டைகளைக் கட்டிப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வாறாங்க. கை எல்லாம் கீறல். நாங்க எரிச்சதை விட ரெண்டு மடங்கு அடுக்கிட்டாங்க. போதும் மிஸ் எண்டன், கேட்கல்ல. கதவு முடிச்சையும் தானே போடணும் எண்டு நிண்டாங்க. அன்டன் காட்டிக் குடுத்தான், பிழை விட்டு விட்டுக் கடைசியில சரியா வந்திச்சு. இழுத்துப் பார்த்திட்டு, திரும்பக் கட்டினாங்க.

முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாத்தினார், அந்த சீசன் எனக்கு அங்க வேலை இல்ல. வேற ஹோட்டலுக்குப் போனன், மகள்ட கலியாணமும் நடந்திச்சு. அந்தத் தீவைக் கம்பனி எடுக்கல்ல. காத்துக்குப் பயந்தாங்களா, காசுக் கணக்கா, கொழும்புல என்ன கதைச்சாங்க எண்டு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிய மாட்டன். மெடலின் அக்கா இப்பவும் சீசனுக்குப் போய் வாறா. நான் கண்ணால கண்டது, காதால கேட்டது ஒண்டுதான், அதைச் சொல்லிட்டு விடுறன்.

வள்ளம் தெற்கு முனையைத் தாண்டேக்குள்ள மிஸ்ஸுட டெலிபோன் அடிச்சிச்சு. அவங்கட கம்பனிப் பெரியவர். அன்டன் மெசினைக் குறைச்சான், எனக்கு இருப்புக் கொள்ளல்ல. சுகமா எண்டு கேட்டிருப்பார், சுகம்தான் எண்டாங்க. பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு இருந்தாங்க. என்ன கேட்கிறார் எண்டு எனக்குத் தெரியும். நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டன், மிஸ் என்னைப் பார்த்துப் பதில் சொல்லக் கூடாது எண்டு.

"இருக்காங்க சேர்," எண்டாங்க மிஸ். "திருவிழாவுக்குப் போயிருக்காங்க. நேத்து நாங்க அவங்க வீட்டுலதான் சாப்பிட்டோம்."